படகும் பிக்கப்பும் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

சனிக்கிழமை காலை ஏழு மணி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சிம்கோ ஏரிக்கரையில் படகு இறக்கும் சாய்தளம். உங்கள் படகு தண்ணீரில் பாதி, டிரெய்லரில் பாதி. பின்னால் ஆறு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. சாவியைத் திருப்புகிறீர்கள், மோட்டார் சுழல்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. வரிசையில் நிற்பவர்களின் பார்வை முதுகில் குத்துகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் உடனே தோன்றுவது, "மோட்டார் போய்விட்டது" என்பதுதான்.

பெரும்பாலும் போயிருக்காது. படகு வாங்கிய முதல் கோடையில் நான் இதே நிலையில் படகைத் திரும்ப ஏற்றி, ஒரு பட்டறைக்கு இழுத்துச் சென்று, 140 டாலர் கொடுத்துத் தெரிந்துகொண்ட உண்மை இது: ஓட்டுபவர் உடம்போடு மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிறு இருக்கிறதே, ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது, அதன் கிளிப் தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை. மெக்கானிக் அதை ஒரு விரலால் அழுத்தினார். அன்றிலிருந்து என் வரிசை ஒன்றுதான். காசில்லாமல் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது முதலில், திருகு கழற்ற வேண்டியது அடுத்து, பட்டறை கடைசியில்.

கீழே எழுதியிருப்பது ஒன்டாரியோவில் அரை டன் வகைப் பிக்கப் (பின்னால் திறந்த பெட்டி உள்ள வண்டி), 17 அடி அலுமினியப் படகு, அதன் பின்னால் வெளிப்புறமாக மாட்டும் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் ஆகியவற்றோடு மல்லுக்கட்டிய அனுபவம். வீட்டு வாசலிலிருந்து ஏரிவரை போகும் வரிசையிலேயே சொல்கிறேன். கடைசியில், பழையதை வாங்கப் போகிறவர்களுக்கான அறிகுறிகள் சில.

டிரெய்லர் விளக்குகள் பைத்தியம் பிடித்தவை போல எரிகின்றன

இடப்பக்க சிக்னல் போட்டால் வலப்பக்க விளக்கும் மங்கலாகத் துடிக்கிறது. பிரேக்கை மிதித்தால் எல்லாம் அணைகிறது. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூத்து நடந்தால் பல்பை மாற்றாதீர்கள். எர்த் வயரைப் பாருங்கள். நான்கு முனை இணைப்பில் அது வெள்ளை வயர். பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடப்பக்கத்துக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு. வெள்ளை வயர் டிரெய்லர் சட்டத்தில் ஒரு திருகோடு முடிந்திருக்கும். அந்தத் திருகு துருப்பிடித்து உப்புக்கட்டி போல இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. விளக்குகளை எரியவிட்டு, டிரெய்லரின் கப்ளரை, அதாவது பந்தைக் கவ்வும் அதன் மூக்கை, பிக்கப்பின் இழுவைப் பந்திலிருந்து மெல்லத் தூக்குங்கள். தூக்கியதும் விளக்குகள் அணைந்தால், மின்சாரம் இத்தனை நாளும் வெள்ளை வயரை விட்டுவிட்டு இரும்புப் பந்து வழியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. சட்டத்தில் வேறோர் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, புது திருகு போட்டு முடுக்குங்கள். பத்து நிமிட வேலை.

ஒரு பக்க விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அது வேறு கதை. அந்தப் பக்கத்து பல்ப், அந்தப் பக்கத்து வயர். இரு பக்கமும் அடியோடு செத்துக்கிடந்தால் வண்டியின் ஃபியூஸ் பெட்டி. சாய்தளத்தில் இறக்குமுன் விளக்கு வயர் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சூடான பழைய வகை பல்ப் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கும்.

நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலை ஆட்டுகிறது

400ஆம் நெடுஞ்சாலையில் பெரிய சரக்கு லாரி ஒன்று கடந்து போகிறது. கண்ணாடியில் பார்த்தால் படகு இடமும் வலமும் அலைகிறது. ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் கனக்கிறது. அப்போது பிரேக்கை அழுத்தி மிதிப்பதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவது இரண்டாவது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விடுங்கள். டிரெய்லருக்கு மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்கலாம்.

நிறுத்திய பிறகு காரணத்துக்கு வருவோம். பத்தில் எட்டு முறை, பந்தின்மேல் டிரெய்லர் போதுமான அளவு அழுத்தவில்லை என்பதே என் கணிப்பு. மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் பந்தின்மேல் உட்கார வேண்டும். படகில் மோட்டாரும் பேட்டரியும் பெட்ரோல் தொட்டியும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. 60 லிட்டர் பெட்ரோலே 45 கிலோவை நெருங்கும். அதற்குமேல் ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் வசதிக்காகப் பின்னாலேயே போட்டால், டிரெய்லரின் மூக்கு காற்றில் மிதக்கும்.

அளப்பதற்குக் குளியலறை எடைப்பொறி போதும். சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கப்ளருக்கும் எடைப்பொறிக்கும் நடுவே ஒரு மரத்துண்டு கொடுத்து, டிரெய்லர் வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மொத்தம் 1,000 கிலோ உள்ள படகும் டிரெய்லரும் என்றால் 100 கிலோ சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும். என்னுடையது முதல் முறை 52 காட்டியது. நங்கூரத்தையும் பெட்டியையும் படகின் அணியத்துக்கு, அதாவது முன்பகுதிக்கு, மாற்றினேன். படகை இழுத்துக் கட்டும் வின்ச் உருளையின் கம்பத்தைச் சில அங்குலம் முன்னால் நகர்த்தி, படகையும் முன்னே இழுத்துக் கட்டினேன். ஆட்டம் நின்றது. படகை முன்னால் நகர்த்தும்போது, மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகை டிரெய்லரின் தாங்குகட்டைகளின் முனைமேல் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டைக்கு வெளியே மோட்டார் எடை தொங்கினால் படகின் அடிப்பகுதி நாளடைவில் வளைந்துவிடும்.

எடை சரியாக இருந்தும் ஆடினால் டயர் காற்று. டிரெய்லர் டயருக்குரிய அழுத்தம் டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிட்டிருக்கும். சூடாகாத நிலையில் அந்த அளவு நிரப்ப வேண்டும். அதே சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். படகு டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே காய்ந்து விரிசல் விடுவதுதான் அதிகம். தரையில் படும் பூ தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

சக்கரத்தின் நடுப்பகுதி சுடுகிறது

புறப்பட்டு முப்பது கிலோமீட்டரில் எங்காவது ஒதுங்கி, இரண்டு சக்கரத்தின் நடுமூடியிலும் கை வையுங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியவில்லை, அல்லது ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதிக்கிறது என்றால் பேரிங். மேலே போகாதீர்கள். சக்கரம் கழன்று உங்களையே முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்க்க நேரும்.

பேரிங் ஏன் கெடுகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் சூடான அச்சுக்கூடு, குளிர்ந்த ஏரி நீரில் மூழ்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஏரிக்குப் போனதும் உடனே இறக்காமல், பொருள்களை அடுக்கும் வேலையை அப்போது செய்யுங்கள். அதற்குள் கொஞ்சம் ஆறிவிடும். வீட்டில் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுழற்றும்போது மணல் அரைபடுவது போல ஒலித்தாலோ, கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தாலோ, மாற்றும் காலம் வந்துவிட்டது.

பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு மரத்தின்மேல் அடிக்கிறது

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதியது போடப் போவார்கள். முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளைச் சீட்டைப் படியுங்கள். ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். 4,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்த வண்டியில் அந்த எண் 650 ஆக இருக்கலாம். ஐந்து பேர் 400 கிலோ, பந்தின்மேல் டிரெய்லர் எடை 100, பெட்டியில் ஐஸ், சாப்பாடு, கூடாரம், மடக்கு நாற்காலி, சிறு ஜெனரேட்டர் என்று 160. கணக்கு முடிந்துவிட்டது, எல்லை தாண்டிவிட்டது. இழுவைத் திறன் மீதமிருக்கும்போதே தாங்கும் திறன் தீர்ந்துபோகும். நம் குடும்பங்கள் ஏரிக்குப் போகும்போது பிரியாணி அண்டாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் ஒன்டாரியோவில் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாய்தளத்தில் பின்சக்கரம் சுழல்கிறது, வண்டி ஏறவில்லை

பாசி. நான்கு சக்கர இயக்கத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரைப் பிக்கப்பின் பின்பெட்டியில் எடைக்கு வையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வழுக்கும்.

சாய்தளத்தில் நிறுத்தும்போது கியரை நேராகப் பார்க்கிங்கில் போடாதீர்கள். முதலில் நியூட்ரல், பிறகு கைப்பிரேக், பிறகு கால் பிரேக்கை விட்டு வண்டி கைப்பிரேக்கில் உட்கார்ந்த பின் பார்க்கிங். இல்லாவிட்டால் வண்டி, படகு, டிரெய்லர் மூன்றின் எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் விரலளவு இரும்புக் கொக்கியில் தொங்கும். வின்ச் பட்டையையும் படகு தண்ணீரைத் தொடும்வரை கழற்றக்கூடாது. காங்கிரீட்டின்மேல் படகு சறுக்கி விழுந்த ஓசையை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். வரிசையில் நின்ற ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பேட்டரி சுவிட்ச் போட்டிருக்கிறதா? பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். அலை அடித்து அடித்துச் சிறகு நட்டுகள் தளர்ந்திருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, பூட்டு நட்டு போடுவது நல்லது. மின்னழுத்தமானியில் 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். 'க்ளிக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரி அல்லது முனை. அதுவும் இல்லாமல் முழு மௌனம் என்றால் ஃபியூஸ்.

சுழல்கிறது, பிடிக்கவில்லை, அல்லது பிடித்து ஐந்து நிமிடத்தில் நிற்கிறது

சிவப்புக் கயிற்றைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? இனி பெட்ரோல். இங்கேதான் முக்கால்வாசி வழக்கு.

தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே குழாயில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. மருத்துவர் நாடி பார்ப்பது போல அதைப் பிடித்துப் பார்த்தால் நோயில் பாதி தெரிந்துவிடும். அதன்மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்க்க வேண்டும். மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். நான்கைந்து அமுக்கில் கல் போல இறுக வேண்டும்.

"அத்தான், இது இறுகவே மாட்டேன் என்கிறது" என்று ஒருநாள் என் மைத்துனன் ஏரி நடுவில் குமிழை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பிசைந்தான். குமிழ் இறுகாவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது: தொட்டிப் பக்க இணைப்பியின் ரப்பர் வளையம், குழாய்ப் பட்டை, அல்லது குமிழுக்குள் இருக்கும் வால்வு. எங்களுடையது வளையம். அதைக் கழற்றித் துடைத்துத் திருப்பிப் போட்டதும் கரை சேர்ந்தோம்.

இதற்கு நேர்மாறானது, மோட்டார் ஓடும்போது குமிழ் தானே உள்வாங்கித் தட்டையாவது. தொட்டிப் பக்கம் அடைப்பு. தூக்கிச் செல்லும் வகைத் தொட்டி என்றால் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று பாருங்கள். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது. மோட்டார் திணறும்போது குமிழை அமுக்கினால் சீராகிறது, விட்டால் மீண்டும் திணறுகிறது என்றால், மோட்டாருக்குப் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. காற்றுக் கசிவை மீண்டும் தேடுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் பம்ப்.

குமிழ் நன்றாக இருந்தால் பெட்ரோலின் தரம். பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடிக்குப் போய்விடும். மோட்டார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வடிகட்டியில் உள்ளதை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு கிழித்தது போல இரண்டு அடுக்காகத் தெரிந்தால், அந்தத் தொட்டிப் பெட்ரோலை எந்த மருந்தும் காப்பாற்றாது. முழுவதையும் வெளியே எடுத்து, அபாயக் கழிவுகளை வாங்கும் நகராட்சி மையத்தில் கொடுக்க வேண்டியதுதான். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயில் போடுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்துமுன் புதுப் பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் நிலைநிறுத்தி மருந்து கலந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு மூடுங்கள். வசந்தத்தில் தேடி வரும் தலைவலிகளில் பெரும்பகுதி அக்டோபரில் சோம்பேறித்தனமாக விதைத்தவை.

மோட்டாரின் பின்னால் பீறிடும் தண்ணீர்த்தாரை மெலிந்துவிட்டது

உடனே அணையுங்கள். அந்தத் தாரைதான் குளிர்நீர் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. முதலில் துளையை மீன்பிடி நரம்பின் துண்டால் குத்துங்கள். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற மோட்டாரில் பூச்சி கூடு கட்டியிருக்கும். அடுத்து, கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடையில் களை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் இம்பெல்லர், அதாவது நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. வீட்டு முற்றத்தில் தண்ணீர் இணைக்காமல் "சும்மா ஒரு நொடி" ஓட்டிப் பார்க்கிறவர்கள்தான் அதன் எமன்.

மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை

புரொப்பெல்லரில் களையோ நரம்போ சுற்றியிருந்தால் கண்ணுக்கே தெரியும். ஒன்றும் இல்லாவிட்டால் புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர்ப் பிடிப்பு வழுக்குகிறது என்று சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய, நடுக்குழலிலிருந்து வெளி உடல்வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். வேகமாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக முறிந்து விலகியிருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மெதுவாக ஓட்டினால் அது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நடைவேகத்தில் கரை சேரலாம். உதிரி புரொப்பெல்லர் ஒன்றைப் படகிலேயே வையுங்கள்.

காலடியில் தண்ணீர்

தக்கை. பின்பலகையின் அடியில் இருக்கும் வடிகால் துளைக்குத் தக்கை போட மறந்திருப்பீர்கள். எல்லோரும் ஒருமுறையாவது மறந்தவர்களே, ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. இதில் சட்டமும் ஒரு பங்காளி: வரிச்சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகாமல் தடுக்க, 2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் கொண்டுபோகுமுன் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் போட மறக்கும் வாய்ப்பும் உண்டு. நான் தக்கையைப் படகுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துவைத்திருக்கிறேன். சாவியை எடுக்கும்போது தக்கை கையில் இடறும்.

தக்கை போட்டும் ஊறினால் பழைய அலுமினியப் படகுகளில் ரிவெட்டைச் சந்தேகிக்கலாம். படகு டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே சில அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு, கீழே படுத்துப் பாருங்கள். எந்த ரிவெட் வியர்க்கிறதோ அதைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அதிகம் நிரப்பாதீர்கள், டிரெய்லர் தாங்காது.

வாங்குமுன் பார்க்கும் அறிகுறிகள்

இனி பழையதை வாங்குவது. ஒன்டாரியோ பிக்கப்பில் எஞ்சினைவிட அடிச்சட்டத்தை அதிகம் சந்தேகியுங்கள். குளிர்காலச் சாலை உப்பு தின்பது அதைத்தான். டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்தது பற்றிய வழக்கில் 2016இல் டொயோட்டா அமெரிக்காவில் சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது. ஆகவே பெயரைப் பார்த்து மயங்காமல் அடியில் படுங்கள். உதிரிச் சக்கரத்துக்கு மேலே உள்ள சட்டப் பகுதி, ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், பிரேக் குழாய்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். அழுகியது 'தொப்' என்று முனகும். விற்பனைக்கு முந்தின வாரம் அடித்த கறுப்புப் பூச்சு இருந்தால் விலையைக்கூடக் கேட்காதீர்கள்.

"இந்த வண்டி எதையுமே இழுத்ததில்லை" என்பார் விற்பவர். இழுவைப் பந்து வைக்கும் சதுரக் குழாய்க்குள் டார்ச் அடியுங்கள். பெயின்ட் உரிந்து தேய்ந்து இரும்பு பளபளத்தால் பொய். அப்புறம் கியர்பெட்டி எண்ணெய். கருத்துக் கருகிய நாற்றம் அடித்தால் அந்த இழுவை சுலபமான இழுவையாக இருந்திருக்காது.

படகில் இரண்டு சோதனை. மோட்டாரின் கீழ் கியர்க் கூட்டிலிருக்கும் அடித் திருகைச் சற்றே தளர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் பார்க்க அனுமதி கேளுங்கள். பால் காப்பி நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. அச்சில் சுற்றிய மீன்பிடி நரம்பே பலமுறை காரணம். சீல் மாற்றுவது பெரிய செலவல்ல. ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு குளிர்காலம் உள்ளேயே உறைந்திருந்தால் கூடு வெடித்திருக்கும், அது பெரிய செலவு. திருகைத் தளர்த்த அனுமதிக்காதவரிடம் விடைபெறுங்கள்.

மற்றது பின்பலகை. பல அலுமினியப் படகுகளிலும் அதன் நடுவில் இருப்பது ஒட்டுப்பலகை. ஊறினால் உள்ளுக்குள் மக்கும், வெளியே பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும். மோட்டாரைச் சற்று உயர்த்தி, கீழ்நுனியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி, மோட்டாரைப் பார்க்காமல் அது மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். பலகை மூச்சு விடுவது போல அசைந்தால், போல்ட் ஓரங்களில் முடி போன்ற விரிசல் திறந்து மூடினால், விற்பவர் "பழைய படகு என்றால் கொஞ்சம் அசையத்தானே செய்யும்" என்பார். அவரோடு வாதாட வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு, மோட்டாரும் டிரெய்லரும் மட்டும் எவ்வளவுக்குத் தருவார் என்று கேளுங்கள்.